இன்ஜினைப் பிரிக்காத மெக்கானிக் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "பேரு போட்டீன்னா ராத்திரிகூடத் தூங்க விடமாட்டானுவ" என்று சிரித்தீர்கள். அதனால் பெயரில்லாமலே எழுதுகிறேன். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் பழைய மாஸ்ஸி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியாமலா போகும்?

வண்டி ஓடியதற்கு மட்டும் நன்றி என்றால் டீக்கடையிலேயே சொல்லி முடித்திருப்பேன். ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் நீங்கள் கேட்ட கேள்விகளுக்காகத்தான் இந்த மடல்.

எங்கள் மாஸ்ஸி 1035-க்கு அப்போது இரண்டு வியாதி. கலப்பையை மண்ணில் இறக்கினால் இழுக்காது. கியர் போட்டால் கரகரவென்று கத்தும், சில நேரம் விழவே விழாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறார்கள் என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் பொறுமை இருக்காது, தெரியுமே. வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் புழுதி உழவு முடிந்தாக வேண்டும். டவுன் பட்டறை ஒன்றில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் போர் தேஞ்சுபோச்சு, பிரிச்சுடலாம். கியர் பெட்டியையும் சேத்தே பாத்துடலாம்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையில் எங்கள் குறுவைக்கு உரம் முழுக்க வாங்கிவிடலாம்.

நீங்கள் வந்தபோது பானெட்டைக்கூடத் தூக்கவில்லை. "யாரு ஓட்டுறா?" என்று கேட்டீர்கள். அப்பா என்னைக் காட்டினார். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் என்னிடம்தான். டிராக்டர் சம்பந்தமாக ஒரு ஆள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவது எங்கள் ஊரில் இன்னும் அவ்வளவு சாதாரணம் இல்லை, அண்ணே.

"இழுக்கலன்னா எப்படி இழுக்கல, தங்கச்சி? இன்ஜின் சத்தம் அடங்குதா, இல்ல சத்தம் அப்படியே இருந்து வண்டி மட்டும் நிக்குதா?"

அப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சத்தம் குறையாமல் வண்டி மட்டும் தளர்ந்தால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமும் சேர்ந்து அடங்கினால் இன்ஜினிலேயே சக்தி பிறக்கவில்லை. அடங்குகிறது என்றேன். புகை கறுப்பாகத் தள்ளுகிறதா என்று அடுத்து கேட்டீர்கள். இல்லை என்றேன். பாரம் ஏறும்போது காற்று போதாவிட்டால் டீசல் முழுக்க எரியாமல் கரும்புகையாக வரும். புகையே இல்லாமல் சோர்ந்தால், டீசல் போய்ச் சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். போர் தேய்ந்த இன்ஜின் ஆயில் குடிக்கும், நீலப்புகை விடும், காலையில் எழ அடம்பிடிக்கும். எங்கள் வண்டியோ சாவியைத் திருப்பியதும் எழுந்துவிடும்.

அப்போதுதான் பக்கத்து வயல்காரர், "ரெண்டுக்கும் கிளட்சுதாம்பா காரணம்" என்று நடுவில் புகுந்தார். நீங்கள் சொன்ன பதிலை இப்போது நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பெடல்ல லூசே இல்லன்னா கிளட்ச் வழுக்கும், இழுவை போகும். லூசு ஜாஸ்தியா இருந்தா கிளட்ச் முழுசா விடாது, கியர் கத்தும். ஒரே பெடல் ஒரே நேரத்துல ரெண்டுமாவா இருக்கும்?" பிளேட்டில் எண்ணெய் பட்டாலோ, பிளேட் வளைந்தாலோ இரண்டும் சேர்ந்து வரலாம் என்றும் சொன்னீர்கள். ஆனால் விலை குறைந்த காரணத்தை முதலில் பார்ப்போம் என்றீர்கள்.

எடுத்ததும் சோர்கிறதா, போகப் போகச் சோர்கிறதா என்று கேட்டீர்கள். போகப் போக என்றதும் டேங்க் மூடியைத் திறந்தீர்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போன சத்தம் எனக்கே கேட்டது. மூடியில் இருக்கிற காற்றுத் துளை சேறும் தூசியுமாக அடைத்துக் கிடந்தது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் டேங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும். அடைப்பெடுக்க ஒரு குண்டூசி போதுமாக இருந்தது. ஃபில்டரைக் கழற்றினால் டேங்கின் துரு அடியில் படிந்திருந்தது. புது ஃபில்டர் போட்டு, ஃபீட் பம்ப்பைக் கையால் அடித்து, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றினீர்கள். பிறகு வண்டியை ஐட்லிங்கில் விட்டு, இன்ஜெக்டர் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினீர்கள். மூன்று சிலிண்டரிலும் சத்தம் தடுமாறியது. தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது என்று பொருள், தடுமாறாததுதான் சோம்பேறி என்றீர்கள்.

அதோடு விடவில்லை. ஆக்ஸிலரேட்டர் கையை முழுக்க இழுக்கச் சொல்லிவிட்டு இன்ஜெக்ஷன் பம்ப் பக்கம் குனிந்து பார்த்தீர்கள். நான் முழுசாக இழுத்தும் பம்ப்பில் இருக்கிற லீவர் கடைசி ஸ்க்ரூவைத் தொடவில்லை, ஒரு விரல் இடைவெளி இருந்தது. நடுவில் இருக்கிற ராடின் பின்கள் தேய்ந்ததால் வந்த வினை. பம்ப் சீலை உடைத்து டீசலைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கிறவர்கள் நிறைய உண்டாமே. "கூட்டுனா புகைதான் கூடும், பின்னை மாத்து" என்று முடித்துவிட்டீர்கள்.

கியர் விஷயத்தில் பெடலின் லூசு அளவுக்கு மேல் இருந்ததை ஸ்கேல் வைத்துக் காட்டி, வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்தீர்கள். ஆனால் எனக்குப் பெரிய பாடம் ஆயில்தான். கியர் பெட்டியின் அடி நட்டைத் திறந்ததும் முதலில் வந்தது தண்ணீர், பின்னால் மோர் கலந்த டீ மாதிரி ஒன்று. கியர் லீவரின் அடியில் இருக்கிற ரப்பர் உறை வெடித்திருந்தது. கேஜ் வீல் போட்டுச் சேறடிக்கும்போது தெறித்த தண்ணீரும் மழைத் தண்ணீரும் அந்த வழியாகவே இறங்கியிருக்கின்றன. கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில் என்பதால், கலப்பை தூக்க மறுத்ததற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்றீர்கள். அதை நான் உங்களிடம் புகாராகச் சொல்லவே இல்லை.

"ஓடும்போது கியர் மாத்துறது காருக்கு. இது நின்னு மாத்துற வண்டி. மிதி, பல்சக்கரம் சுத்துறது நிக்கட்டும், அப்புறம் போடு." பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோமெஷ் இல்லாத அந்தப் பெட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னீர்கள். இந்த வண்டியின் பூர்வீகத்தைப் பிறகு தேடிப் படித்தேன். ஹாரி ஃபெர்குசனின் சாம்பல் நிற டிஇ20 டிராக்டர் 1946-ல் இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் தயாராக ஆரம்பித்தது. அதில் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதும் கியர் லீவரால்தான். எவரெஸ்ட் ஏறிய ஹிலாரியின் குழுவினர் 1958 ஜனவரி 4-ல் தென்துருவம் போய்ச் சேர்ந்ததும் அந்த வகை டிராக்டர்களில். அதன் அடுத்த தலைமுறைதான் 35 என்ற மாடல். 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனம், சென்னை செம்பியத்தில் அந்த வம்சத்தைத் தொடர்ந்தது. பனியில் போனதன் பேரப்பிள்ளை எங்கள் களிமண்ணில் மூச்சு வாங்கியதற்கு ஒரு மூடித் துளைதான் காரணம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

குறுவை உழவு முடிந்துவிட்டது. இரண்டாம் கியரில் ஒன்பது கொத்துக் கலப்பையை முணுமுணுக்காமல் இழுக்கிறது. கூலி என்று நீங்கள் கேட்டது ஃபில்டர், ஆயில் விலை போக மிகக் கொஞ்சம். அப்பா கூடக் கொடுத்ததைத் திருப்பி என் கையில் வைத்து, ரப்பர் உறை வாங்கிப் போடச் சொன்னீர்கள். போட்டுவிட்டேன்.

சம்பாவுக்கு முன்னால் பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்க்கலாம் என்றீர்கள். நான் சுற்றிப் பார்த்தேன், அண்ணே. இடது சக்கரம் கொஞ்சம் கனமாகத்தான் சுற்றுகிறது. நானாக எதையும் பிரிக்கவில்லை. ஆவணி பிறந்ததும் ஒரு நாள் வாருங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை