கூப்பிட்டால் வராத பூகம்பம்

ரூர்க்கிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் முதலில் காட்டுவது கங்கைக் கால்வாயைத்தான். 1854இல் திறக்கப்பட்டது. சோலானி ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி, அதன் மேல் கங்கைத் தண்ணீரை நடத்திச் சென்றிருக்கிறார்கள். கரையில் காவலுக்குக் கல் சிங்கங்கள். அந்த வேலைக்கு மண் சுமக்க 1851லேயே இங்கு நீராவி இன்ஜின் வேகன்களை இழுத்தது. பம்பாயில் பயணிகள் ரயில் ஓடியது அதற்குப் பிறகு, 1853இல்.

நான் தேடி வந்தது வேறு வேகன்களின் கதையை. 1847இல் தொடங்கிய இங்குள்ள பொறியியல் கல்லூரி, 1949இல் பல்கலைக்கழகமாகி, 2001இல் ஐ.ஐ.டி. ஆனது. 1960இல் பேராசிரியர் ஜெய் கிருஷ்ணா இங்கே பூகம்பப் பொறியியலுக்கென்றே ஒரு தனிப் பள்ளியைத் தொடங்கினார். தொடங்கியதிலிருந்தே அதற்கு ஒரு சங்கடம். மருத்துவ மாணவனுக்கு அறுத்துப் பார்க்கப் பிணம் கிடைக்கும். வேதியியல் மாணவனுக்கு அமிலம் கிடைக்கும். பூகம்பத்தைப் படிக்கிறவனுக்கு? அது கூப்பிட்டால் வருவதில்லை. வரும்போது பாடம் நடத்துவதுமில்லை.

எனவே இவர்கள் ரயில் வேகனைப் பிடித்தார்கள். தண்டவாளத்தில் ஒரு வேகன். அதன் மேல் செங்கல் வீட்டின் மாதிரி. பாரம் ஏற்றிய இன்னொரு வேகன் வந்து அதை மோதும். வெறும் செங்கல் சுவர்கள் சரிந்தன. ஜன்னல், கதவுகளுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றிப் பட்டைபோலக் கம்பி வைத்துக் கட்டிய சுவர்கள் தாங்கின. எந்தச் சமன்பாட்டையும்விட இது மனதில் நிற்கும். ஆனால் இந்தியாவில் எத்தனை கல்லூரிகளால் இப்படி வீடு கட்டி இடிக்க முடியும்?

விடுதியில் பக்கத்து அறைக்காரர் ஒரு மலையூர்க் கல்லூரியில் விரிவுரையாளர். குறுகிய காலப் பயிற்சிக்கு வந்திருந்தார். "பல வருஷம் அதிர்வைச் சாக்பீஸால்தான் நடத்தினேன்" என்றார். 1991இல் உத்தரகாசியும் 1999இல் சமோலியும் குலுங்கிய மலைகள் அவருடையவை.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதி குலுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. கார் நிறுத்தத் தரைத்தளத்தைத் திறந்து விட்டு, தூண்களின் மேல் நின்ற கட்டடங்கள் அவற்றில் பல. அவற்றை வடிவமைத்தவர்களும் பட்டம் பெற்ற இன்ஜினியர்கள்தான். சென்னையிலும் அதே மாதிரித் தூண்கள் உண்டு. 2002இல் அந்த நகரம் மூன்றாவது பூகம்ப மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

பாடத்தில்தான் ஓட்டை என்று உணர்ந்த மத்திய அரசு, 2003இல் பூகம்பப் பொறியியல் கல்விக்குத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கல்லூரிகள் தாங்களே செய்துகொள்ளக்கூடிய மேஜை அளவு அதிர்வுக் கருவிகளைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வடிவமைத்தார்கள். பிறகு வந்த மெய்நிகர் ஆய்வகத் திட்டத்தில் டெல்லி ஐ.ஐ.டி. இன்னும் ஒரு படி போனது. ஆய்வகத்தில் நிஜமான உத்திரம். அதை ஆட்ட ஓர் அதிர்வுக் கருவி. உத்திரத்தில் ஒட்டிய சின்னஞ்சிறு வில்லைகள் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றித் தரும். எங்கோ இருக்கும் மாணவன் இணையம் வழியாக உத்திரத்தை ஆட்டலாம். அது தரும் அளவுகள் அவனுக்கே வந்து சேரும்.

"முதல் தடவை மொத்த வகுப்பும் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றது" என்றார் விரிவுரையாளர். "அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஓரிடத்தில் கோடு எகிறியது. தாண்டியதும் அடங்கிவிட்டது. ஒரு பையன் 'சார், இன்னொரு தடவை' என்றான்."

கோடு எகிறிய இடம் அந்த உத்திரத்தின் இயல்பு அதிர்வெண். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. நிலத்தின் ஆட்டம் அதோடு ஒத்துப்போனால் ஆபத்து. "கணக்கில் வரும் கோடு வழவழப்பாக இருக்கும். நிஜ உத்திரத்தின் கோட்டில் கரடுமுரடு இருக்கும். அந்தக் கரடுமுரடைத்தான் என் மாணவர்கள் பார்த்ததில்லை."

குறை இல்லையா என்று கேட்டேன். இணைப்பு அறுந்துபோகும் என்றார். ஒரு கருவி என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இயக்க முடியும் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்த உத்திரம் உடையாது" என்றார். "உடையக் கூடாது. அடுத்த மாணவன் காத்திருக்கிறான். ஆனால் பூகம்பம் உடைத்துத்தானே பாடம் சொல்கிறது?"

மறுநாள் ஸ்டேஷனுக்குச் சேர்ந்தே கிளம்பினோம். வழியில் ஒரு புதுக் கட்டடம். கீழே கார் நிறுத்த, தூண்கள் மட்டும். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். தூண் கம்பிகளைச் சுற்றிய ரிங்கின் முனையைத் தொட்டுப் பார்த்தார். 90 டிகிரிக்கு வளைத்திருந்தார்கள். 135 டிகிரிக்கு வளைத்து முனையைத் தூணுக்குள் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் குலுக்கலில் ரிங் பிரிந்துகொள்ளும். கம்பி கட்டுபவரிடம் இந்தியில் பொறுமையாகச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே ஒரு ரிங்கை எடுத்து இன்னும் கொஞ்சம் வளைத்துக் காட்டினார்.

"இவ்வளவுதானா சாகேப்?"

"இவ்வளவுதான்."

பக்கத்தில் வளைத்து முடித்த ரிங்குகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. விரிவுரையாளர் பையைக் கீழே வைத்தார்.