பின்னிருக்கையும் பின்சக்கரமும்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் அடிக்கடி பயணம் செய்வோர்க்கு டயர் என்பது புதிய காட்சி அன்று. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், பஞ்சர் கடைகளும், தேய்ந்த டயருக்குப் புதிய பட்டன் ஒட்டித் தரும் ரீட்ரேடிங் கூடங்களும் நாமக்கல்லைச் சூழ்ந்து நிற்கின்றன. கடை வாசல்களில் ஆளுயரத்திற்கு அடுக்கப்பட்ட கறுப்பு வளையங்களை நாமும் ஆண்டுக்கணக்காகப் பார்த்தவாறே கடந்து சென்றிருக்கிறோம். பார்த்தோமேயன்றி, அவற்றுள் ஒன்றையேனும் வாசிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியதில்லை. டயரை வாசிப்பதா என்று வாசகர் வியக்கலாம். அதை வாசிக்கத் தெரியாமற் போனதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் நாமல்லர், நம் பின்னே அமர்ந்து வந்தவர்.

நம்மிடம் உள்ளது பழைய 350 சி.சி. புல்லட். மூத்த குரு ஒருவர் ஓய்வு பெற்றுச் சென்றபோது நம்மிடம் ஒப்படைத்தது. இங்கிலாந்து நாட்டு நிறுவனமும் சென்னை வணிக நிறுவனம் ஒன்றும் 1955இல் கூட்டுச் சேர்ந்ததன் பயனாகத் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய வண்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. எடை 160 கிலோவுக்கும் அதிகம். இராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துக் கிளைக் கிராமங்களுக்கும், சில வேளைகளில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கும் அது நம்மைச் சுமந்து சென்றிருக்கிறது. நம்மை மட்டுமன்று. பெரும்பாலான பயணங்களில் பின்னிருக்கையில் உபதேசியார் இருப்பார். அவருக்குப் பின்னால் பூசைப் பெட்டி. அதற்கும் பின்னால் யாருக்கேனும் சேர்க்க வேண்டிய ஒரு மூட்டை.

உபதேசியார் பிறப்பால் நெசவாளர். இராசிபுரம் வட்டாரத்துக் குழித்தறியில் பட்டு நெய்து பிழைத்தவர். பகலில் தறி, மாலையில் நம்முடன் கிராமச் சந்திப்பு என்பது அவர் வாழ்க்கையின் ஒழுங்கு.

2021ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் புல்லட்டின் பின்சக்கர டயர் மொட்டையாகிவிட்டது. பெருந்தொற்றால் பங்கின் வருவாய் வற்றியிருந்த காலம் அது. நம் நிலையறிந்த அன்பர் ஒருவர், லாரி பாடி கட்டும் பட்டறை நடத்துபவர், தம் கிடங்கில் புதிய டயர் ஒன்று சும்மா கிடப்பதாகச் சொல்லி, தாமே கொண்டுவந்து கொடுத்தார். எப்போதோ வாங்கி, ஒருமுறைகூட மாட்டப்படாத டயர். பட்டன்கள் ஆழமாக, கூர்மையாக இருந்தன. சுட்டு விரலால் வருடிப் பார்த்தோம், மகிழ்ந்தோம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்னும் பழமொழி நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே! நாமும் பார்க்கவில்லை. செலவின்றிக் காரியம் முடிந்தது என்ற நிறைவோடு, நம் சிக்கனத்தை நாமே உள்ளூரப் பாராட்டிக்கொண்டோம் என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஐப்பசியின் முதல் மழை பெய்த மாலை. புதுச்சத்திரம் அருகே நெடுஞ்சாலையை விட்டு இணைப்புச் சாலையில் இறங்கினோம். வேகம் அதிகமில்லை. எதிரே நாயொன்று குறுக்கிடவே பிரேக்கை மிதித்தோம். பின்சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. ஈரச் சாலையில் சோப்பின்மேல் கால் வைத்தாற்போல் பின்புறம் வழுக்கிச் சுழன்றது. நமக்கு முழங்கையில் சிராய்ப்பு. உபதேசியாரின் இடக்கால் வண்டியின் அடியில் சிக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்து, உள்ளே கம்பி வைக்க வேண்டியதாயிற்று.

எலும்பு கூடிவிட்டது, ஆனால் கால் பழைய கால் ஆகவில்லை. குழித்தறியில் நெய்பவர்க்குக் கைகளைப் போலவே கால்களும் உழைக்க வேண்டும். குழிக்குள் கால்களை இறக்கி, மிதிகளை மாற்றி மாற்றி நாள் முழுதும் அழுத்தினால்தான் பாவு திறந்து நாடா ஓடும். அது அவரால் இயலாமற் போயிற்று. மகன் தறியில் இறங்கினார். தந்தை திண்ணையில் அமர்ந்து தார் சுற்றத் தொடங்கினார்.

விபத்திற்குச் சில நாள்களுக்குப் பின், வண்டியைப் பழுதுபார்த்த மெக்கானிக் நம்மை அழைத்தார். டயரின் பக்கச்சுவரில் ஓரிடத்தைத் துணியால் துடைத்து, "சாமி, இதப் பாத்தீங்களா?" என்றார். நீள்வட்டத்திற்குள் நான்கு இலக்கங்கள்: 2312. "2012ல 23ஆவது வாரம் செஞ்ச டயர், சாமி. ஒம்பது வருசமாச்சு. நகத்தால அழுத்திப் பாருங்க." அழுத்தினோம். நகம் பதியவில்லை. டயரை அவர் சற்றே வளைத்துக் காட்டியபோது, பட்டன்களின் இடுக்குகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய் திறந்தன.

அன்று முதல் நாம் அந்தக் கடையில் மாணவர் ஆனோம். ரப்பர் என்பது உயிரற்றதாயினும் முதுமை அடையும் பொருள் என்று கற்றோம். 1839இல் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். அந்த உறுதியைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெப்பமும் மெல்ல மெல்லக் கடினத்தன்மையாக மாற்றிவிடுகின்றன. ஓடாமல் கிடந்தாலும் டயர் மூப்படையும். அன்பரின் கிடங்கோ தகரக் கூரை வேய்ந்தது. சித்திரை வெயிலில் அனலாய்க் காய்வது. போதாக்குறைக்கு அங்கே நாள்தோறும் மின் வெல்டிங் நடந்தது. வெல்டிங் பொறியும் மின்மோட்டாரும் ஓசோனை உண்டாக்குவதால் அவற்றின் அருகே டயர்களை வைக்கலாகாதாம். கொடுத்தவர் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார். அவருக்கும் அந்த நான்கு இலக்கங்கள் தெரியா.

பட்டனின் ஆழத்தைக் கண்டு ஏமாந்தோம் அல்லவா? பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றுவதற்கானவை. சாலையைப் பற்றிக்கொள்வது பள்ளமன்று, ரப்பரின் மென்மை. இரண்டு சக்கரங்களும் தரையைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த இரண்டு உள்ளங்கைகள்மீதே முழுப் பாரமும் நிற்கிறது.

பாரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தோம். நம் வண்டியின் டயர் அளவு 3.25-19. அதன் அருகே 54பி என்று பொறித்திருக்கும். 54 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் 212 கிலோ வரை தாங்கும் என்று பொருள். பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கும். பங்குக் குருவுக்கு அந்த வேகம் தேவைப்படுவதில்லை. ஆனால் சுமை? வண்டி 165, நாம் 80, உபதேசியார் 60. ஆகக் கூடுதல் 305 கிலோ. அதில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 183 கிலோ, பின்சக்கரத்தின்மீது விழுவதாகக் கொள்வோம். அன்று பின்னால் கட்டியிருந்த 25 கிலோ அரிசி மூட்டையின் பாரம் முழுதும் பின்சக்கரத்தையே சேரும். 208 ஆயிற்று. பூசைப் பெட்டியையும் சேர்த்தால் எல்லையில் நிற்கிறோம். அந்த 212 கிலோவும் நல்ல டயருக்கு, உரிய காற்றழுத்தத்தில் சொல்லப்பட்டது. தனியாகச் செல்ல ஓர் அழுத்தம், பின்னால் ஒருவர் ஏறினால் அதற்கும் மேல் ஓர் அழுத்தம் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. பின்னால் ஒருவர் ஏறும்போதெல்லாம் நாம் காற்றை மாற்றியதுண்டா? இல்லை.

லாரித் தொழிலாளர்கள் நம்மினும் தெளிந்தவர்கள். ரீட்ரேடிங் செய்த டயரை அவர்கள் இகழ்வதில்லை; முறையாகச் செய்தால் அது பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கும். ஆனால் அதைப் பின் அச்சில் மாட்டுவார்களேயன்றி, வண்டியைத் திருப்பும் முன் அச்சில் மாட்டத் தயங்குவார்கள். பத்துச் சக்கர லாரியில் பின்சக்கரம் ஒன்று கைவிட்டால் பக்கத்துச் சக்கரம் தாங்கும். இருசக்கர வண்டியில் ஒன்று கைவிட்டால் தாங்குவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, அறியாமை இருவகைப்படும் என்று கற்றோம். எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று; சிறிது முயன்றிருந்தால் நீக்கியிருக்கக்கூடிய அறியாமை மற்றொன்று. முன்னதற்குக் குற்றமில்லை, பின்னதற்கு உண்டு. அந்தப் பாடத்தைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் நாம். 2312 என்னும் எண் மறைவான இடத்தில் இல்லை. கேட்டிருந்தால் எந்தப் பஞ்சர் கடைச் சிறுவனும் சொல்லியிருப்பான். விவேகத்தின் உறுப்புகளை எண்ணும் புனித தாமஸ் அக்குவினாஸ், பிறரிடம் கற்றுக்கொள்ளும் பணிவையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். அந்தப் பணிவு நமக்கு விபத்திற்குப் பின்னரே வந்தது.

அறிந்தபின்னும் ஒரு பிழை செய்தோம். மழையும் சாலையின் எண்ணெய்ப் பசையுமே காரணம் என்று எல்லாரும் பேசிக்கொண்டனர். உபதேசியாரும் அவ்வாறே நம்பினார். நாம் மறுக்கவில்லை. நான்கு மாதங்கள் அந்தப் பேச்சின் நிழலில் ஒதுங்கியிருந்தோம். பிறர் குற்றங்களை நாள்தோறும் கேட்கும் நமக்கு, நம் குற்றத்தைச் சொல்ல வாய் எழவில்லை. தவக்காலத்தின் தொடக்கத்தில், அவர் வீட்டுத் திண்ணையில், தார் சுற்றும் இராட்டையின் அருகே அமர்ந்து உண்மையைச் சொன்னோம். பழைய டயர், ஆராயாமல் மாட்டினோம், காசு மிச்சம் என்று மகிழ்ந்தோம், தெரிந்த பின்னும் மறைத்தோம்.

அவர் இராட்டையை நிறுத்தினார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பின்னால உக்காந்தவனுக்கு டயர் எங்க சாமி தெரியும்? ஒங்க முதுகுதான் தெரியும்" என்றார். கோபமா, ஆறுதலா என்று நம்மால் பிரித்தறிய முடியவில்லை. இன்றும் முடியவில்லை. சற்றுப் பொறுத்து, "அடுத்த தடவ டயர் வாங்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அடுத்த முறை சென்ற மாதம் வந்தது. விபத்திற்குப் பின் மாட்டிய டயரின் தேய்மான மேடுகள் பட்டனோடு சமமாகிக்கொண்டிருந்தன. நாமக்கல்லில் ஒரு கடைக்கு இருவரும் சென்றோம். கடைக்காரர் முதலில் அகலமான டயர் ஒன்றைக் காட்டி, பார்வைக்கும் நன்றாக இருக்கும் என்றார். ரிம்மின் அகலத்திற்குப் பொருந்தாத டயர் உருக்குலைந்து உட்காரும். நிறுவனம் சொன்ன அளவே போதும் என்று மறுத்தோம். டியூப் இல்லாத டயரின் நன்மைகளைச் சொன்னார். ஆணி குத்தினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும் என்பது உண்மையே. ஆனால் நம் வண்டியினுடையது கம்பிகள் கோத்த சக்கரம், டியூப் இன்றிக் காற்று நில்லாது. எனவே பழைய வகையே கேட்டோம். டயரோடு புதிய டியூபும், கம்பி முனைகள் குத்தாதிருக்க ரிம்மின் உட்பட்டையும் வாங்கினோம். 2009ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணையால் கட்டாயமாக்கப்பட்ட ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்தோம். 54 என்னும் சுமைக் குறியீட்டிற்குக் குறையாதிருப்பதையும் பார்த்தோம்.

உபதேசியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, டயரை மெல்ல உருட்டி நான்கு இலக்கங்களைத் தேடினார். முதல் டயரைக் கண்டு தலையசைத்தார். அது இரண்டரை ஆண்டு பழையது. "வேற எடுங்கண்ணே" என்றார். இரண்டாவது, பதினொரு வாரங்களுக்கு முன் செய்யப்பட்டது. நகத்தால் அழுத்தினார். பிறகு நம்மைப் பார்த்து, "இது ஆகும், சாமி" என்றார். சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறியைக் கடைப் பையனுக்குச் சுட்டிக்காட்டி மாட்டச் செய்ததும் அவரே.

புதிய டயரின் மேற்பரப்பு முதலில் வழுவழுப்பாக இருக்குமாதலால் 150 கிலோமீட்டர் வரையேனும் நிதானமாகச் செல்ல வேண்டும் என்றார்கள். அன்று நாமக்கல்லிலிருந்து திரும்புகையில் லாரிகள், பேருந்துகள், கோழி வண்டிகள் எல்லாம் நம்மைக் கடந்து சென்றன. புதுச்சத்திரம் இணைப்புச் சாலையில் இறங்கும்போது அவர் கை நம் தோளை இறுகப் பற்றியது. நாம் வேகத்தை இன்னும் குறைத்தோம். அந்த இடம் கடந்த பிறகும் கை உடனே தளரவில்லை.

மாட்டின் பல்லைப் பார்க்கலாகாது என்னும் பழமொழி, அந்த மாட்டைத் தனக்கென மட்டும் வைத்துக்கொள்பவனுக்குப் பொருந்தலாம். அதன் வண்டியில் பிறரை ஏற்றிச் செல்பவன் பல்லைப் பார்த்தே ஆக வேண்டும். தகப்பனாக, ஆசிரியராக, ஓட்டுநராக, குருவாக நம்முள் யாரும் முற்றிலும் தனியே பயணம் செய்வதில்லை. நம் பின்னே அமர்ந்திருப்பவர்க்கு நம் முதுகு மட்டுமே தெரிகிறது. அவர் காண இயலாதவற்றை அவருக்காகப் பார்த்து வைப்பது நம் கடன்.