கிழ நாயின் மூட்டுவலி: சில குறிப்புகள்

"வயசாயிடுச்சு, அதான் மெதுவா நடக்குது." காலை நடையில் எதிர்ப்படுகிறவர்களில் கிழ நாய் வைத்திருக்கிற எல்லோரும் இதைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நாய்களில் பலவற்றுக்கு இடுப்பிலோ முழங்காலிலோ வலி இருக்கிறது. வயதைக் குறைக்க முடியாது, வலியைக் குறைக்க முடியும். அதில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டிய வேலை.

*

வாலை மிதித்தால் வீல் என்று கத்துகிற நாய், மாதக்கணக்காக இருக்கிற மூட்டுவலிக்குக் கத்துவதில்லை. கவனித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தூங்கி எழுந்ததும் முதல் சில அடிகள் விறைப்பாக இருந்து, நடக்க நடக்கச் சரியாகிறதா? படிக்கட்டின் கீழே தயங்கி நிற்கிறதா? ஒரே மூட்டை ஓயாமல் நக்கி அந்த இடத்து முடி பழுப்பேறிவிட்டதா? பின்னங்கால் இரண்டையும் ஒன்றாக வைத்து முயல் மாதிரி தத்துகிறதா? தொடைச் சதை வற்றியிருக்கிறதா? இடுப்பில் கை வைத்தால் உறுமுகிறதா?

எங்கள் ஜூலி லாப்ரடார். சோபாவில் ஏறுவதை அவள் விட்டதுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் அடையாளம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர் போன்ற பெரிய இனங்களில் பலவற்றுக்கு இடுப்புக் கிண்ணமும் தொடை எலும்பும் வளரும் பருவத்திலேயே சரியாகப் பொருந்தாமல் போகின்றன. குருத்தெலும்பு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. தேய்ந்தது திரும்ப வளராது.

*

டாக்டரிடம் போகுமுன் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசனையிலேயே நாய் பதறிப்போய், நொண்டலையெல்லாம் மறைத்துக்கொண்டு நேராக நடந்து காட்டிவிடும். காலையில் படுக்கையிலிருந்து எழுவதை, பக்கவாட்டில் நடப்பதை, பின்னாலிருந்து நடப்பதை எடுத்தால் போதும்.

*

நொண்டுவதெல்லாம் தேய்மானம் இல்லை. நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். அதுவும் மூட்டுகளை வீங்கவைக்கும், ஆனால் அதற்கு வைத்தியமே வேறு. முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம், முதுகுத்தண்டில் தட்டு விலகியிருக்கலாம், பெரிய நாய்களுக்கு எலும்புப் புற்றுநோயும் வருவதுண்டு. திடீரென்று காலை ஊன்றவே மறுத்தால், பின்னங்கால்களை இழுத்தால், மூத்திரம் போகாவிட்டால், அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் நல்ல கிளினிக் இல்லாதவர்களுக்கு அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன: சென்னை வேப்பேரியில் (1903இல் தொடங்கியது), நாமக்கல்லில், ஒரத்தநாட்டில், திருநெல்வேலியில்.

*

வீட்டு மாத்திரை டப்பா. இந்த நோட்டில் ஒரே ஒரு பக்கம்தான் மிஞ்சும் என்றால் இது மிஞ்சட்டும்.

நமக்கு மூட்டு வலித்தால் போடுகிற மாத்திரையில் கால்வாசியை உடைத்து நாய்க்குக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. "சின்ன டோஸ்தானே" என்கிறார்கள். இபுபுரூஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்ஸன் எதுவும் கூடாது. நாயின் உடம்பு இவற்றை நம்மைப் போல் கையாள்வதில்லை. இரைப்பையில் புண், ரத்தக்கசிவு, பிறகு சிறுநீரகம் செயலிழப்பு வரை போகும். பாராசிட்டமாலையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது, அது கல்லீரலைத் தாக்கும். வீட்டில் பூனையும் இருந்தால் கீழே விழுந்த மாத்திரையைத் தேடி எடுத்துவிடுங்கள்: ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

"டாக்டர் எழுதிக்கொடுப்பதும் மெலாக்ஸிகாம்தானே, மெடிக்கல் ஷாப்பில் அதே பெயரில் இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டார். மனிதர்களுக்கான மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராம். நாய்க்குத் தொடர்ந்து கொடுக்கிற அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு மில்லிகிராம்தான் வருகிறது. கண்ணளவில் உடைத்தால் என்ன ஆகும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததில் அந்த இனமே அழியும் நிலைக்கு வந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதை இந்தியா தடை செய்தது. மாடு தாங்கிய மருந்தைக் கழுகு தாங்கவில்லை; நாம் தாங்குவதை நாயும் தாங்காது.

நாய்களுக்கென்று பரிசோதிக்கப்பட்ட வலி மருந்துகள் உண்டு: கார்ப்ரோஃபென், மெலாக்ஸிகாம், ஃபிரோகாக்சிப். தொடங்குமுன் சிறுநீரகம், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை. சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வாந்தி, கறுப்பு மலம், சாப்பிட மறுப்பது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். அரிப்புக்கென்று வேறொருவர் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேரக் கூடாது.

*

தைலம் வேண்டாம். நமக்கு இதமாக இருக்கிற பாம்களில் கற்பூரமும் மீதைல் சாலிசிலேட்டும் இருக்கின்றன. தடவிய இடத்தை நாய் நக்காமல் விடாது. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரலாம். நீலகிரித் தைலமும் அப்படித்தான். உங்கள் முழங்காலில் வலி ஜெல் தடவியிருந்தால் அதையும் நாய் நக்க விடாதீர்கள்.

*

தரை.

நம் வீடுகளில் இப்போது எங்கும் வழவழப்பான டைல்ஸ், இல்லாவிட்டால் கிரானைட். பார்க்க அழகு, மூட்டு தேய்ந்த நாய்க்குத் தண்டனை. எழும்போது பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து வழுக்கும். ஒரு முறை வழுக்கினால் அந்த வலி நாள் முழுதும் நிற்கும். பிறகு பயந்தே எழுந்திருக்காது, எழாமல் கிடந்தால் சதை வற்றும், சதை வற்றினால் மூட்டுக்குத் தாங்கல் குறையும். மருந்தைவிடத் தரைக்குத்தான் முதலில் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய செலவும் இல்லை. அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடிகள், பழைய யோகா பாய், தண்ணீர் கிண்ணத்தின் முன் ஒரு தென்னை நார்ப் பாய். படுக்கையிலிருந்து வாசல்வரை, படுக்கையிலிருந்து தண்ணீர்வரை இடைவெளி விடாமல் போட வேண்டும். நழுவுகிற பாய் வெறும் தரையைவிட மோசம், ஓரங்களை ஒட்டிவிடுங்கள். நகம் நீண்டிருந்தால் பாதம் தரையில் பதியாது, வெட்ட வேண்டும். விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியையும் ஒட்ட நறுக்க வேண்டும்.

படிக்கட்டுக்கு ஒரு பழைய துண்டு. வயிற்றுக்குக் கீழே, பின்னங்கால்களுக்கு முன்னால் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால் பின்பாரம் நம் கைக்கு வந்துவிடும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இது பெரிய உதவி. முன்னங்கால்களை மட்டும் பிடித்துத் தூக்கக் கூடாது.

படுக்கை: அழுத்தினால் தரை கைக்குத் தட்டுப்படாத தடிமன். ஃபேனுக்கு அடியில் போட்டால்தான் வெயில் காலத்தில் அதில் படுக்கும், இல்லாவிட்டால் குளிர்ச்சி தேடி டைல்ஸுக்கே போய்விடும்.

*

எடை. கொஞ்சம் கசப்பான பேச்சு, ஏனென்றால் அன்பை நாம் பிஸ்கட்டாகத்தான் கொடுத்துப் பழகியிருக்கிறோம்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு வழக்கமான சாப்பாடும் மற்றொன்றுக்கு 25 சதவீதம் குறைவாகவும் ஆயுள் முழுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலிக்கு மருந்து தேவைப்பட்ட வயதும் அவற்றுக்குச் சுமார் மூன்று வருடம் தள்ளிப்போனது. எந்த மருந்துக் கடையிலும் இதற்கு ஈடான மாத்திரை கிடையாது.

ஏற்கெனவே குண்டாகிவிட்ட நாய்க்கும் தாமதமில்லை. எடையில் ஆறு சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். முப்பத்தைந்து கிலோ நாய்க்கு அது இரண்டு கிலோ சொச்சம். தடவினால் விலா எலும்பு லேசாகக் கைக்குத் தட்ட வேண்டும், மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். பால்சோறு, நெய், டீ வேளை பிஸ்கட்டை நிறுத்துங்கள். சோற்றைக் குறைத்து, உப்பில்லாமல் வேகவைத்த பூசணி, பீன்ஸ், கேரட் சேர்க்கலாம். வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். பாட்டி ஒளித்துக் கொடுக்கிற துண்டும் கணக்கில் சேரும்.

*

நடை தினமும் வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நடத்திவிட்டு மற்ற நாட்களில் கட்டிப்போடுவது மூட்டைக் கெடுக்கும். பத்துப் பத்து நிமிடமாக இரண்டு மூன்று வேளை, சமதளத்தில். பந்து எறிவதை விட்டுவிடுங்கள். பாய்ந்து திரும்பும்போதுதான் மூட்டு அதிகம் அடிபடுகிறது. கடற்கரையானால் பொதபொதப்பு மணலைத் தவிர்த்து, அலை நனைத்துக் கெட்டியான இடத்தில் நடத்துங்கள். வெயில் ஏறியபின் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள், உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதற்கும் முடியாது.

*

மார்கழிக் காலையில் ஒத்தடம் நன்றாகக் கேட்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்து, பிறகு மூட்டின் மேல் பத்து நிமிடம். புதிதாக வீங்கிச் சூடாக இருக்கிற மூட்டுக்கு வெந்நீர் கூடாது.

*

மீன் எண்ணெய்க்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, அளவை டாக்டர் சொல்லட்டும். மீன் ஈரல் எண்ணெய் வேறு, அதில் வைட்டமின் ஏ, டி அதிகம். குளுக்கோஸமீனுக்கு ஆதாரம் பலவீனம். மஞ்சள் உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. மனிதர்களுக்கான மெல்லும் மாத்திரையிலும் சிரப்பிலும் சைலிட்டால் இருக்கலாம், அது நாய்க்கு விஷம்.

*

மருந்து வேலை செய்து நாய் துள்ளத் தொடங்கியதும் பலர் இரண்டு காரியம் செய்கிறார்கள்: பழையபடி ஓடவிடுகிறார்கள், ரத்தப் பரிசோதனையை மறந்துவிடுகிறார்கள். வலி போனாலும் தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது. தினமும் மாத்திரை சாப்பிடுகிற கிழ நாய்க்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பார்த்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.