தாளின் மறுபக்கம்



ஒரு தாளின் இருபுறமும் அச்சிடுவதில் என்ன பெரிய சிக்கல் வந்துவிடப்போகிறது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். கலைப் பட்டம் பெற்று, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணியில் காலத்தைக் கழித்துவரும் எனக்கு இயந்திர ஞானம் குறைவு. அந்தக் குறையைவிட என்னிடமுள்ள அவசரமே பெருங்குறை என்பதை, எங்கள் மத்ரஸாவின் பழைய லேசர் அச்சுப்பொறி எனக்கு உணர்த்தியது.

சென்ற ஆண்டுத் தேர்வுக்கு முன்பாக, அன்றாடம் ஓதும் துஆக்களை 24 பக்கங்களில் தொகுத்தேன். முன்பக்கத்தில் துஆ, தாளைப் புரட்டினால் பின்பக்கத்தில் அதன் பொருள். பிள்ளைகள் 40 பேர். ஒருபுறம் மட்டும் அச்சிட்டால் 960 தாள்கள் வேண்டும்; இருபுறமும் அச்சிட்டால் 480 போதும். இட்லி விற்றுக் குடும்பம் நடத்தும் ஒரு மாணவியின் தாயார், 500 தாள் கொண்ட கட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் ஒரு தாளும் வீணாகக் கூடாது என்று உறுதி பூண்டிருந்தேன்.

எங்கள் பொறி ஒருபுறம் மட்டுமே அச்சிடும். ஆகவே, ஒற்றைப்படைப் பக்கங்களை முதலில் அச்சிட்டு, தாள்களைத் திருப்பி வைத்து, பிறகு இரட்டைப்படைப் பக்கங்களை அச்சிட வேண்டும். இஷாவுக்குப் பின் வேலையைத் தொடங்கினோம். துணைக்கு மூத்த மாணவன் ஒருவன். முதற்சுற்று முடிந்ததும், "தாளெல்லாம் சூடாக இருக்கிறது ஹஜ்ரத். ஓரமும் சுருண்டிருக்கிறது. சற்று ஆறட்டுமா?" என்றான்.

"நேரமில்லை, வை" என்றேன்.

இரண்டாம் சுற்றின் முடிவில் பொறி இன்னொரு தாள் கேட்டது. எண்ணி வைத்த தாள் எப்படிப் போதாமற்போகும் என்று நான் சிந்திக்கவில்லை. வெற்றுத் தாள் ஒன்றை வைத்து வேலையை முடித்தேன்.

மறுநாள் காலை, தைக்க அமர்ந்தபோதுதான் திடுக்கிட்டேன். 18-ஆம் பிரதியில் 7-ஆம் பக்கத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது. 9-ஆம் பக்கத்தின் பின்னால் 10-க்குப் பதிலாக 8. அங்கிருந்து கடைசிப் பிரதி வரை, ஒரு துஆவின் பின்னால் வேறொரு துஆவின் பொருள்! 23 பிரதிகள் பாழ்.

பிள்ளைகள் முன்னிலையில் அந்த மாணவனைக் கடுமையாகக் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை.

விவரமறிந்த நண்பர் ஒருவரிடம் கேட்டபோதுதான் காரணம் விளங்கியது. லேசர் அச்சில் மை என்பது திரவமன்று. டோனர் எனப்படும் பிளாஸ்டிக் கலந்த பொடி. ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் அது உருகித் தாளில் பதிகிறது. அவ்வெப்பத்தில் தாளிலுள்ள ஈரம் வெளியேற, தாள் சுருள்கிறது; ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. உடனே திரும்ப வைத்தால் பொறி சில வேளை இரு தாள்களைச் சேர்த்து இழுத்துவிடும். ஒரு தாள் தவறினால், பின்வரும் அனைத்தும் தவறும். ஆக, மாணவன் சொன்னது சரி. கேளாதது என் குற்றம்.

அன்று அஸருக்குப் பின், எந்தப் பிள்ளைகள் முன்னிலையில் கடிந்தேனோ, அவர்கள் முன்னிலையிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும் ஹஜ்ரத். இன்றிரவு எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றான் அவன்.

பாழான தாள்களில் துஆக்கள் இருந்தமையால் குப்பையில் இட மனம் ஒப்பவில்லை. துணியில் பொதிந்து, கால்படாத தூய இடத்தில் புதைத்தோம். ஓர் ஏழைத் தாயின் உழைப்பையும் அல்லவா சேர்த்துப் புதைக்கிறோம் என்று நெஞ்சு கனத்தது. என் செலவில் வேறொரு கட்டு வாங்கினேன்.

இப்போது நாங்கள் கைக்கொள்ளும் முறை இது: முதலில் ஒரு தாளில் பென்சிலால் குறியிட்டு அனுப்பி, எந்தப் பக்கத்தில் அச்சு விழுகிறது, தலைப்பகுதி எப்பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொள்கிறோம். இது பொறிக்குப் பொறி மாறும். முதற்சுற்றுத் தாள்களை ஆறவிட்டு, விசிறிப் பிரித்து, ஓரம் தட்டி அடுக்குகிறோம். ஒரு நேரத்தில் ஒரு பிரதி மட்டுமே. தவறு நேர்ந்தாலும் 12 தாள்களோடு நின்றுவிடும். அரபு நூல்போல் வலப்புறம் தைப்பதாயின், ஒற்றைப்படைப் பக்கங்களில் வலப்புறமும், இரட்டைப்படைப் பக்கங்களில் இடப்புறமும் கூடுதல் இடம் விடுகிறோம். இன்றேல் எழுத்துகள் தையலுக்குள் மறைந்துபோகும்.

தாமாகவே இருபுறமும் அச்சிடும் பொறிகள் இன்று பெருகிவிட்டன. ஆயினும் எங்களைப்போல் பழைய பொறியோடு காலந்தள்ளுவோரும் உள்ளனர். அவர்களுக்கு என் வேண்டுகோள்: தாளைத் திருப்பி வைக்குமுன் சற்றுப் பொறுங்கள். பிறர்மீது குற்றம் சுமத்துமுன் இன்னும் சற்றுக் கூடுதலாகப் பொறுங்கள். பாழான தாளுக்கு வேறு தாள் வாங்கிவிடலாம். எல்லார் முன்னிலையிலும் தலைகுனிந்து நின்ற ஒரு பிள்ளையின் அந்தக் காலைப்பொழுதை எந்தக் கடையில் வாங்கித் தருவது?