ஒரு வாள் வடித்த அனுபவம்

தாமிரபரணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே, ஆதிச்சநல்லூரில் பரம்பு என்று ஊரார் வழங்கும் மேட்டு நிலத்தை 1899ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் அகழ்ந்து ஆராய்ந்த அலெக்ஸாண்டர் ரீ என்னும் தொல்பொருள் அதிகாரி, தாம் கண்டவற்றுள் ஒரு விஷயத்தை விசேஷமாகக் குறித்து வைத்திருக்கிறார். அங்குள்ள ஈமத்தாழிகளின் உள்ளும் புறமும் கிடைத்த இரும்பு ஆயுதங்களின் முனை எப்போதும் கீழ்நோக்கியே இருந்ததாம். இறந்தவரை வழியனுப்ப வந்தவர்கள் தம் கையாலேயே அவற்றை மண்ணில் குத்தி நிறுத்தினார்கள் போலும் என்பது அவர் ஊகம்.

இதைப் படித்த நாள் முதல் அந்தக் கையைப் பற்றிய நினைவு என்னை விட்டு அகலவில்லை. தகப்பனையோ தமையனையோ தாழியில் இட்டுவிட்டு, அவன் ஏந்திய வாளைக் கடைசியாக ஒருமுறை உயர்த்தி, பரம்பின் சரளை மண்ணில் இறக்கிய அந்தக் கைக்கு அதன் பாரம் எப்படி இருந்திருக்கும்? அலகு அதிர்ந்திருக்குமா? எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரீ சேகரித்த பொருள்களின் முன்னே நின்று பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்காது. அங்கே பொன் பட்டங்கள் நேற்றுத் தட்டியவை போல ஒளிர்கின்றன. வெண்கலத்தில் வார்த்த எருமையும் சேவலும் தம் உருவம் குலையாமல் இருக்கின்றன. இரும்பு ஒன்றுதான் தன்னையே இழந்து, துருவேறிப் புடைத்து, ஏடு ஏடாகப் பிளந்து கிடக்கிறது. நீளத்தையும் ஏறக்குறைய அகலத்தையும் அளந்து சொல்லலாம். கனம், மெலிவு, கையில் நிற்கும் நிதானம் ஆகிய வாளின் பிராணனான குணங்கள் யாவும் துருவோடு போய்விட்டன. அவற்றை அறிய ஒரே உபாயம்தான் உண்டு. மறுபடியும் ஒரு வாளைக் கையால் வடித்துப் பார்ப்பது.

இது புதிய எண்ணமன்று. ஐரோப்பாவில் பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுப் பிரபுக்களும் போர்வீரர்களும் இரு கைகளாலும் பற்றி வீசிய நீள்வாளை அவ்வாறே மறுபடியும் உருவாக்குவதைத் தம் வாழ்நாள் வித்தையாகக் கொண்ட கொல்லர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுள் சுவீடன் நாட்டுப் பீட்டர் யோன்சொன், பல தேசத்து அருங்காட்சியகங்களில் உள்ள மூல வாள்களை எடுத்து, நிறையையும் நிறை சமனாகும் இடத்தையும் அலகின் கனம் பிடியிலிருந்து முனை வரை எப்படிக் குறைந்து செல்கிறது என்பதையும் அளந்து எழுதி, பிறகே உலையை மூட்டுகிற சிரத்தை உடையவர். இத்தகையோர் முயற்சியால் தெளிவான உண்மைகளுள் ஒன்று, சினிமாவில் தூக்க முடியாமல் தூக்கிக் காட்டப்படும் அந்த நீள்வாளின் நிறை பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவதில்லை என்பது. ஆதிச்சநல்லூர் வாளுக்கு இதில் நூற்றில் ஒரு பங்குப் பரிவையேனும் நாம் காட்டியிருக்கிறோமா?

ஐரோப்பிய வாளும் நம் கரைக்கு அந்நியமானதன்று என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளிப்பின் லாபத்தை நாடிப் போர்த்துகீசியர் இக்கடற்கரைக்கு வந்து புன்னைக்காயலில் கோட்டை கட்டியபோது, அவர்கள் இடையில் தொங்கிய நேர் வாள்களை நம் பரதவ மக்கள் அன்றாடம் கண்டிருப்பார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த அலகுகளுக்கு நம்மவர் தம் சம்பிரதாயப்படி பிடி அமைத்துக்கொண்டதும் உண்டு. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து எழும்பூருக்கு வந்து சேர்ந்த வாள்களில் அத்தகையவை இருக்கின்றன. ஆனால் என் மனம் நாடியது அவற்றினும் மிகப் பழையதை.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், உப்பளங்கள் முடிந்து பனங்காடு தொடங்கும் இடத்தில், முதிய ஆசாரி ஒருவரின் பட்டறை இருக்கிறது. அவருடைய தகப்பனார் காலத்தில் தூத்துக்குடித் தோணிகளுக்கு வேண்டிய நீண்ட ஆணிகளும் நங்கூரங்களும் அங்கே அடிபட்டன. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போன தோணிகள் குறைந்த பிறகு, மண்வெட்டியும் பனையேறிகளின் பாளை அருவாளுமாகத் தொழில் சுருங்கியது. எனினும் ஒரு பெரிய வேலை இன்னும் எஞ்சியிருக்கிறது. சுடலைமாடனுக்கும் கருப்பசாமிக்கும் கோயில் கொடை நெருங்கும் மாதங்களில், நேர்த்திக்கடனாகச் செலுத்த ஆளுயர அருவாள்கள் வேண்டுமென்று பக்தர்கள் அவரிடம் வருகிறார்கள். நீண்ட அலகைச் சூடேற்றிக் கோணாமல் நீட்டும் வித்தை இந்தக் கடற்கரையில் தெய்வங்களின் பெயரால்தான் இன்னும் ஜீவித்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரீயின் பொருட்பட்டியல் 1915இல் அச்சாயிற்று. அதிலுள்ள வாள் படத்தின் நகலை நான் ஆசாரியிடம் நீட்டியபோது, அவர் நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மேலே இருந்து பாத்த படம், தம்பி. விலாவுல இருந்து பாத்தா எப்பிடி இருக்கும்னு இதுல இல்லையே" என்றார். அருங்காட்சியகத்தில் என் மனத்தில் எழுந்த அதே குறையை அவர் ஒரு பார்வையிலேயே கண்டுகொண்டார். "நீங்கதான் சொல்லணும், அண்ணாச்சி" என்றேன். வேலையை ஏற்றுக்கொள்ளும் முன் அவர் விதித்த நிபந்தனை ஒன்றே. "வாய் வைக்க மாட்டேன். நாளைக்கு ஸ்டேஷன்ல இருந்து வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? மொட்டையாத்தான் தருவேன்."

அந்த அச்சத்தை யாரும் அற்பமென்று தள்ளிவிடலாகாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், வயலுக்கும் வீட்டுக்கும் உரிய கருவிகளை விலக்கிவிட்டு, ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுள்ள வாள் முதலியவற்றை ஆயுதமாகவே கருதுகின்றன. தென் மாவட்டங்களில் அருவாள் அடிக்கும் பட்டறைகள் மீது காவல்துறையின் கண் எப்போதும் உண்டு. இதற்கு முன்னே ஒரு நீண்ட சரித்திரமும் இருக்கிறது. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, 1801 மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இரண்டாம் முறை பிடித்துத் தரைமட்டமாக்கிய கும்பெனியார், அவ்வாண்டு இறுதியில் பாளையங்கள் யாவும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டுமென்று பிரகடனம் செய்தார்கள். போருக்கு வாள் வடிக்கும் தொழில் இந்நாட்டில் ஓய்ந்ததற்கு அந்தப் பிரகடனம் பெருங்காரணம். கொலைக்கருவி பெருகுவதை நானும் விரும்பவில்லை. வாயில்லாத வாளே போதும் என்று மனமார ஒப்புக்கொண்டேன்.

இரும்புக்கு அவர் தேர்ந்தெடுத்தது லாரியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டை. கரி, விளாத்திகுளத்துப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரி. துருத்திக்குப் பதிலாக இப்போது மின்விசிறி காற்றூதுகிறது. மற்றவை யாவும் கைவேலைதான். உலையில் ஒரு சாண் அளவுதான் ஒரே சமயத்தில் பழுக்கும் ஆதலால், நீண்ட அலகைப் பகுதி பகுதியாகக் காய்ச்சி, ஆசாரி குறடால் பிடித்துச் சுத்தியலால் இடம் காட்ட, அவர் மகன் சம்மட்டியால் அந்த இடத்திலேயே ஓங்கி அடிக்க, இருவருக்கும் இடையில் ஒரு சொல்லும் இல்லாமல் அந்தத் தாளம் நடந்தது. இடம் காட்டும் தட்டு நின்றால் சம்மட்டியும் நிற்கும்.

சங்கடம் எங்கே வந்ததென்றால், வாள் இருபுறமும் வாய் உடையது. தென்னாட்டுப் பெருங்கற்காலப் புதைகுழிகளில் கிடைக்கும் வாள்கள் பெரும்பாலும் நேரான, இருவாய் வாள்கள். ஒரு விளிம்பை அடித்து மெலிவித்தால் அந்த விளிம்பு நீண்டு, அலகு எதிர்ப்புறமாக வளைந்துவிடும். அருவாள் அடிப்பவருக்கு வளைவு பழகிய துணை. நேர்மை ஓயாத விவாதம். "அருவாளுக்கு ஒரு வாய், தம்பி. இதுக்கு ரெண்டு. ஒண்ணுக்குச் சோறு போட்டுட்டு மத்ததப் பட்டினி போட்டா கோணிக்கிடும்" என்று சொல்லிக்கொண்டே, ஒரு பக்கம் சில அடி, மறு பக்கம் சில அடி என்று மாற்றி மாற்றி அடித்து, இடையிடையே ஒற்றைக் கண்ணை மூடி அலகின் நீளத்தை நோக்கி, அவர் அதை நேர்ப்படுத்திய காட்சியைப் பார்த்த பிறகுதான், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆற்றங்கரையில் இருந்த கொல்லனும் இதே விவாதத்தை நடத்தியே தீர்ந்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. படத்தில் இல்லாத விலாவையும் கையே தீர்மானித்தது. பிடியருகே கனமாகவும் முனை நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்தும் அவர் அலகை இறக்கிக்கொண்டு போனார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முனையில் கனம் விட்டால் மணிக்கட்டு நோகும் என்பது பாளை சீவுபவனுக்கு அருவாள் அடித்தவர் அறிந்ததே. அளவெடுத்து யோன்சொன் கண்ட அதே விதியை அளவுகோலின்றியே அடைந்த அந்த ஞானத்தை என்னவென்று சொல்வது!

தோய்ச்சல் போடுவதற்கு அந்தி மங்கும் வரை காத்திருந்தோம். பகல் வெளிச்சத்தில் பழுத்த இரும்பின் நிறம் கண்ணை ஏமாற்றும். சுமார் 770 டிகிரி வெப்பத்தில் இரும்பு காந்தத்துக்கு இழுபடும் குணத்தை இழக்கிறது என்றும், அதற்குச் சற்று மேலே தோய்க்க வேண்டும் என்றும் உலோக சாஸ்திரம் கூறும். ஆசாரிக்கு அது ஒரு செந்நிறம், அவ்வளவே. நீண்ட அலகு எண்ணெயில் இறங்கும்போது சற்றே சாய்ந்தாலும் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து முறுக்கிக்கொள்ளும் என்பதால், அவர் அதை நட்டுக்குத்தாக, முனை கீழ்நோக்கி இறக்கினார். பிறகு மறுபடியும் இளஞ்சூடு காட்டி, தேய்த்த பகுதியில் வைக்கோல் நிறம் படர்ந்து நீலமாக மாறத் தொடங்கும்போது எடுத்து ஆறவிட்டார். முறியாமல் வளைந்து மீளும் குணம் அந்த இளஞ்சூட்டினால் வருவது. மரப்பிடிக்குள் வாலைச் செருகி அரக்கு ஊற்றி இறுக்கியதோடு வேலை முடிந்தது.

அதைக் கையில் ஏந்தியபோது நான் உணர்ந்தது என் அனுமானத்துக்கு நேர்மாறாக இருந்தது. வெட்டுவதற்குரிய பாரம் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். கையோ அதை முன்னோக்கிக் குத்தவே விழைந்தது. தாழிக்கருகே மண்ணில் குத்தி நிறுத்திய செயலின் பொருள் அப்போது எனக்குக் கொஞ்சம் விளங்கியது. வாளை அதன் சுபாவப்படியே கடைசியாக ஒருமுறை பிரயோகித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இது நிரூபணம் ஆகாது. எனினும் ஏட்டை மட்டும் படித்திருந்தால் இந்த எண்ணமே எழுந்திராது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உருவம் பழையதாயினும் எங்கள் வாளின் இரும்பு பழையதன்று. தமிழ்நாட்டின் உருக்கு வித்தை உலகப் பிரசித்தி பெற்றது. நொய்யல் கரைக் கொடுமணலில் உருக்குலைகளின் சான்றுகள் அகழ்வில் வெளிப்பட்டன; மேல்சிறுவலூரில் மூசைகளின் எச்சங்களை ஆராய்ந்து எழுதியவர் சாரதா ஸ்ரீநிவாசன். பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், உருக்குச் செய்யும் முறையைக் கண்டு எழுதியிருக்கிறார். இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்கட்டையைச் சிறு சிறு சிம்புகளாக நறுக்கி மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, உலையில் வைத்து ஊதுவார்களாம். கட்டையின் கரி இரும்பில் கலந்து நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை சேரும்போது அது உருக்காகிறது. இந்த உருக்குக் கட்டிகள்தாம் பாரசீகத்திலும் டமாஸ்கஸிலும் நீர்வரி ஓடும் வாள்களாயின. இதன் ரகசியத்தை அறிய லண்டனில் மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து, 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரிசோதனைகள் பல செய்தார். அதற்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற லாடக் கொல்லரும் ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியரும் கூடி உழைத்து, கனிமத்தில் அணுவளவு கலந்துள்ள வனேடியம் போன்ற உலோகங்களே அந்த வரிகளுக்கு மூலமென்று காட்டி, அத்தகைய வாளலகை மீண்டும் வடித்தார்கள். ஒரு கொல்லரும் ஒரு பேராசிரியரும் சரிசமமாக நின்று செய்த காரியம் அது. ஆவாரையும் எருக்கும் வேலியோரம் எங்கும் பூத்துக் கிடக்கும் நம் நாட்டில் அப்படியொரு கூட்டு இதுவரை ஏன் அமையவில்லை என்பது என் உள்ளத்தை உறுத்துகிறது.

இன்று இந்தப் பேச்சுக்கு வேளையும் வந்திருக்கிறது. அதே தாமிரபரணிப் படுகையில் உள்ள சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபோது, உலகெங்கும் அறிஞர்கள் நம் மாவட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் இட்டு, 2023இல் காட்சிக்கூடமும் திறந்தாயிற்று. விடுமுறை நாள்களில் பள்ளிப் பிள்ளைகள் அங்கே வந்து, தாழிகளைக் குனிந்து நோக்கி, துருப்பிடித்த இரும்பைக் கண்டதும் ஒன்றும் புரியாமல் நகர்ந்து போகிறார்கள்.

ஆகவே தொல்லியல் துறையாரையும் மாவட்ட அதிகாரிகளையும் நான் வேண்டிக்கொள்வது இது. அந்தத் துருவாளின் பக்கத்தில், இந்த மண்ணின் கொல்லர் ஒருவர் கையால் வடித்த வாயில்லாத வாளொன்றைப் பிள்ளைகள் தூக்கிப் பார்க்கும்படி வையுங்கள். அதை வடிப்பதற்கு முறையான அனுமதியும் கூலியும் கொடுங்கள். உலோகவியல் கற்ற ஒருவரை அவருடன் உட்கார்த்தி, ஆவாரங்கட்டையிட்ட மூசையிலிருந்தே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். நான் சொன்ன ஆசாரிக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அவர் மகன் துறைமுகத்தில் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான்.