ஓட்டு கேட்காமல் வந்தவர் போட்ட சட்டம்... தஞ்சை மண்ணும் மறந்துபோன மேலவையும்!

தஞ்சாவூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் ‘எம்.எல்.சி.’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் ‘எம்.எல்.ஏ.தானே?’ என்று திருத்துவார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் சட்ட மேலவை என்று ஒன்று இருந்ததே பலருக்குத் தெரியாது.

மேலவைக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பார்கள், இன்னொரு மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்கள். பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தலா பன்னிரண்டில் ஒரு பங்கு. மீதி ஆறில் ஒரு பங்கு, ஆளுநரின் நியமனம்.

பின்வாசலா, நல்வாசலா?

1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, முதல்வராக்கினார்கள். ‘இது பின்வாசல்’ என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன. கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி நீதிமன்றத்துக்கே போனார். வழக்கு நிற்கவில்லை.

அதே ஆண்டில், அதே ராஜாஜி அரசுதான் தஞ்சை மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நினைத்தபோதெல்லாம் நிலத்தைவிட்டு வெளியேற்றுவதற்குத் தடை. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. மிராசுதார் சொல்வதே சட்டம் என்றிருந்த காவிரிக் கரையில் இது சின்ன விஷயமல்ல.

அதற்காக மேலவைக்கு மாலை போட்டுவிட முடியுமா? முடியாது. பி.சீனிவாசராவ் போன்றவர்கள் கீழத்தஞ்சையில் சேரி சேரியாக நடந்து விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியிருக்காவிட்டால், கோட்டையில் யாருக்கும் அவசரம் வந்திருக்காது. சட்டம் முளைத்தது வயலில். கையெழுத்துப் போட்டவர் வந்த வாசல்தான் மேலவை.

மூடியும் திறந்தும்...

1967-ல் முதல்வரான அண்ணாவும் மேலவை உறுப்பினராகவே இருந்தார். 1986 மே மாதம், எம்.ஜி.ஆர். ஆட்சியில் அதைக் கலைக்கத் தீர்மானம் நிறைவேறியது. நவம்பர் 1 முதல் அவை இல்லை. கடைசித் தலைவர் ம.பொ.சி. திருக்குவளையில் பிறந்த கருணாநிதியும் அப்போது அங்கே உறுப்பினர். பிறகு தி.மு.க. வந்தால் ‘வேண்டும்’, அ.தி.மு.க. வந்தால் ‘வேண்டாம்’ என்று தீர்மானங்கள் மாறி மாறி வந்தன. 2010-ல் நாடாளுமன்றமே 78 இடங்களுடன் மேலவை அமைக்கச் சட்டம் இயற்றியது. 2011-ல் ஆட்சி மாறியது, அதுவும் நின்றுபோனது.

‘படித்தவர்கள் நிதானமாக விவாதிக்க ஓர் இடம் வேண்டாமா?’ என்கிறார்கள் ஒரு தரப்பினர். ‘தோற்றவர்களுக்குப் பதவி கொடுக்க மக்கள் பணமா?’ என்கிறார்கள் மறு தரப்பினர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால், டெல்டாக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பட்டதாரிக்குத் தொகுதி உண்டு, ஆசிரியருக்குத் தொகுதி உண்டு. மேட்டூர் எப்போது திறக்கும் என்று ஜூன் மாதம் வானத்தையும் செய்தியையும் மாறி மாறிப் பார்க்கும் விவசாயிக்கு? நாற்று நடும் பெண்களுக்கு? அந்தப் பட்டியலில் அவர்களுக்கென்று ஓர் இடம் ஒருபோதும் இருந்ததில்லை.

என்றாவது மேலவையின் கதவு மறுபடியும் திறந்தால், முதலில் பேச வேண்டியது இதைத்தான்.