பயத்தால் வந்த நடுக்கமல்ல

நான் ஒரு சமூகப் பணியாளர். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். மனிதரின் துன்பத்துக்கு அவர் வாழும் சமூகத்தில் காரணம் தேடவேண்டும் என்று அங்கு கற்றேன். அந்தப் படிப்பே ஒரு தாயின் விடயத்தில் என் கண்ணை மறைத்தது. அதை இங்கு சொல்ல விரும்புகிறேன்.

வன்னியில் மீள்குடியேறிய குடும்பம் ஒன்றின் அம்மா அவர். 2009 இல் ஒரு மகனைப் பறிகொடுத்தவர். நான் முதன்முதலாகப் போன அன்று அவரது வலது கை மடியில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. "குறை நினையாதேங்கோ பிள்ளை" என்று இடது கையால் தேநீரை நீட்டினார். "ஷெல்லடியில பயந்தவ, இன்னும் தெளியேல்லை" என்றார்கள் அயலவர்கள். நானும் என் பதிவேட்டில் "போரினால் ஏற்பட்ட மனப் பாதிப்பு" என்று எழிதாக எழுதி, உளவளத்துணைக்கு அனுப்பினேன்.

ஒருநாள் அவர் சொன்னார்: "பிள்ளை, நான் பயத்தில நடுங்கேல்லை. மகனை நினைச்சு அழுறனான்தான், அது வேற. இந்தக் கை சும்மா இருக்கேக்கதான் நடுங்குது. ஏதும் எடுக்கப் போனா நிக்குது."

கேட்டேன். ஆனால் எழுதிக்கொள்ளவில்லை.

இரண்டு ஆண்டுகள் போயின. நடை குறுகியது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. முகத்தில் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகே வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். நரம்பியல் வைத்தியர் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பார்க்கின்சன் நோய்" என்றார். நான் எழுதாமல் விட்ட அந்த வார்த்தைகளே இந்நோயின் முக்கியமான அடையாளம் என்பதை அன்றுதான் அறிந்தேன். மூளையின் அடிப்பகுதியில் உள்ள சில கலங்கள் 'டோபமைன்' என்ற பொருளைச் சுரக்கின்றன. உடல் அசைவுக்கான சேதியைக் கொண்டுசெல்லும் தூதுவன் அது. அக்கலங்கள் அழிய அழியத் தூதுவன் குறைந்துபோகிறான்.

குற்ற உணர்வோடு இதைப் பற்றித் தேடி வாசித்தேன். 1957 இல் சுவீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி முயல்களுக்கு 'ரெசர்பைன்' கொடுத்தார். எமது நாட்டு வைத்தியத்தில் பயன்படும் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கப்படும் மருந்து அது. முயல்கள் அசைவற்றுச் சோர்ந்து கிடந்தன. மூளைக்குள் சென்று டோபமைனாக மாறும் 'எல்-டோபா'வை ஊசியால் ஏற்றியதும், சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. டோபமைனும் ஒரு தூதுவனே என்றார் கார்ல்சன்.

1960 மார்ச்சில் லண்டனில் ஓர் அறிவியல் மாநாடு கூடியது. மூளையின் இரசாயனத் தூதுவர்களைப் பற்றி நன்கு அறிந்த பெரியவர்கள் அங்கு இருந்தார்கள். கார்ல்சனின் கருத்தை அவர்கள் ஏற்கவில்லை. நரம்புத் தூதுவர் பற்றிய ஆய்வுக்காக 1936 இல் நோபல் பரிசு பெற்ற சேர் ஹென்றி டேலே, எல்-டோபா ஒரு நஞ்சு என்று கருதினார்.

அதே ஆண்டின் இறுதியில் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். 1961 இல் அங்கு எல்-டோபா ஏற்றப்பட்டபோது, படுக்கையில் கிடந்த நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். 2000 இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதை வாசித்தபோது என் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. அந்த அறிஞர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்தே புதியதை அளந்தார்கள். நானும் அதையே செய்தேன். எனக்குத் தெரிந்தது போர். அதனால் எல்லா நடுக்கமும் எனக்குப் போராகவே தெரிந்தது.

போர் தந்த மனக்காயம் பொய் என்று நான் சொல்லவில்லை. கவலையும் பயமும் இந்த நடுக்கத்தைக் கூட்டும். ஆனால் நோய்க்குக் காரணம் அவையல்ல. அந்த அம்மாவுக்கு இரண்டும் இருந்தன. நான் ஒன்றை மட்டும் பார்த்தேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒருவரின் கை ஓய்வாக இருக்கும்போது நடுங்கினால், நடை மெதுவாகிக் கால் இழுபட்டால், எழுத்து சிறுத்துப்போனால், "வயசு", "பயம்", "செய்வினை" என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். மனநோய்க்குத் தரும் சில மருந்துகளும் டோபமைனைத் தடுத்து இப்படி நடுங்கச் செய்யும். ஆகவே குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் வைத்தியரிடம் காட்டுங்கள். எந்த மருந்தையும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். பார்க்கின்சன் நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அன்றாட வாழ்வை இலகுவாக்கும் மருந்து இருக்கிறது.

அந்த அம்மா இப்போது நேரம் தவறாமல் குளிசை போடுகிறார். நடுக்கம் முற்றாகப் போகவில்லை. சென்ற தடவை தேநீரை வலது கையால் தந்தார். கொஞ்சம் சிந்தியது. இருவரும் சிரித்தோம்.

இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்குப் போனால், என் கருத்தை எழுதுவதற்கு முன் அவர்கள் சொன்னதை அவர்களுடைய சொல்லிலேயே எழுதிக்கொள்கிறேன்.